மண்டையனை விமானத்தில் ஏற்றிவிட்டேன்

உள்ளங்கை இரண்டிலும் நுரைப்பஞ்சு வாசனை. புதுச் செருப்பு டப்பாவைத் திறந்ததும் குப்பென்று வருமே, அந்த மாதிரி. காலையிலிருந்து இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன், போகவில்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்காருவாயே, அப்போது உன்மேலிருந்து வருவது இதே வாசனைதான். "தள்ளி உக்காருடி, எம்மேல பேக்கிங் நாத்தம் அடிக்குது" என்று நீயே முதலில் சொல்லுவாய். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து கவரைப்பேட்டை வரைக்கும் தூங்குவாய்.

நான் இப்போது மீனம்பாக்கத்தில் இருக்கிறேன். விமானத்துக்குள் போகிற வாசலுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீஸ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. புனேவுக்குப் போகிறேன். நாளைக்குக் காலையில் கோல்ஃப் ஆடப்போகிறேன்.

கடைசி வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

நம் கம்பெனிக்கு ஐந்து ஊர்களில் தொழிற்சாலை இருக்கிறது இல்லையா, அந்த ஐந்துக்கும் சேர்த்து ஒரு கோல்ஃப் போட்டி வைக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் நான்கு பேர். இந்த முறை அந்த நான்கு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், புதிதாக ஆடுகிறவராகவும் இருக்கலாம் என்று கடிதம் வந்தது. கும்மிடிப்பூண்டியில் கேன்டீனுக்குப் பின்னால் வலையில் பந்தடிக்கிற பெண் எத்தனை பேர்? ஒருத்திதான். அவளை அங்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது யார் என்று உனக்குத் தெரியும்.

கூட வருகிற மூன்று ஆண்களும் வலது கைக்காரர்கள். புனே மைதானத்திலேயே மட்டைகளை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். இடது கையால் ஆடும் பெண்ணுக்கு ஏற்ற மட்டை அங்கே கிடையாது. மெயில் அனுப்பி இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ஆகவே பழைய மேனேஜரின் மனைவி, அந்த மேடம் விட்டுப்போன பத்து மட்டைகளையும் நான் கையோடு கொண்டுபோகிறேன். வழியில் நீ பேர் வைத்த நீள மட்டை, நம் மண்டையன், உடைந்தாலோ, மற்றவை வளைந்தாலோ நான் நாளைக்குக் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவ்வளவுதான் விஷயம். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் படுத்து, ரப்பர் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இனி அவற்றை நான் புனேவில்தான் பார்ப்பேன்.

இந்த மட்டைகளை நாம் முதல் தடவை பார்த்த நாளை நினைத்துக்கொள்கிறேன். நான் அட்மினில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் என்பதால் அம்மா என்னை ஆபீசர் என்றே தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபீசர் செய்த வேலை கார் ஏற்பாடு செய்வது, டிக்கெட் போடுவது, மேனேஜர் வீட்டுக்குத் தண்ணீர் கேன் வரவில்லை என்றால் போன் செய்வது. அப்போது மேனேஜராக இருந்த ஜப்பான்காரர் ஒருநாள் ஒரு நீளப் பையைக் கொண்டுவந்து என் மேஜையில் சாய்த்துவைத்தார். தன் மனைவி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார், இந்த மட்டைகள் விமானத்தில் உடையாமல் போக வேண்டும், ஏற்பாடு செய் என்றார்.

எப்படிப்பட்ட ஏற்பாடு என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்றைத் தெரியாது என்று சொன்னால், நான் எந்த வீட்டிலிருந்து வருகிறேன் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று அப்போதெல்லாம் எனக்குப் பயம். சீட்டில் 'எக்ஸ்போர்ட் பேக்கிங்' என்று எழுதி, பையைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் செக்‌ஷனில் இருந்த உன்னிடம் ஓடிவந்தேன்.

"இன்னாடி இது, வேல்கம்பா?"

"கோல்ஃப் ஆடுறது. மேடத்தோடது. ஏரோபிளேன்ல போகணுமாம்."

நீ ஒன்றை உருவி எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாய். நம் கம்பெனியில் செய்கிற இரும்புத் தண்டு, அந்த ஷாஃப்ட், வளைந்திருக்கிறதா என்று பார்ப்பீர்களே, அந்தப் பார்வை. "நம்ம ஷாஃப்ட்டு தான்டி இது. ஒரு முனைல மண்டை வச்சிக்கீறான், அவ்ளோதான்" என்றாய். எல்லாவற்றிலும் நீளமான, குண்டுத் தலை மட்டையை எடுத்து அதன் தலையில் ஒரு குட்டு வைத்தாய். "இவன் பேரு மண்டையன்."

அதற்கப்புறம் நீ செய்தது எதையும் யாராலும் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுக்குப் போகும் ஷாஃப்ட்டுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தாய். துரு பிடிக்காமலிருக்கத் தலை முதல் வால் வரை எண்ணெய் தெளித்தாய். மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் தனித்தனியாகச் சுற்றினாய். பைன் மரப்பெட்டி அடித்து, இரும்புப் பட்டை இழுத்துக் கட்டி, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போட்டாய். கடைசியில் பெட்டியை எடுக்க ஏழுமலை அண்ணன் ஃபோர்க்லிஃப்டோடு வந்தார். எடை பார்த்தால் நாற்பத்திரண்டு கிலோ. நீ இரண்டு கையாலும் பெட்டியைத் தட்டி, "லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆவாது" என்றாய். எனக்கு அவ்வளவு பெருமை.

விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கலாம் என்றால், பட்டையை வெட்டுகிற கத்திரியும் இல்லை, ஆணி பிடுங்குகிற கம்பியும் இல்லை. மேடம் மட்டைகள் இல்லாமலே ஊருக்குப் போனார். கார் டிரைவர் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார். திறந்தபோது ரப்பர் கைப்பிடிகளெல்லாம் எண்ணெயில் ஊறி, பிடித்தால் விரால் மீன் மாதிரி நழுவின.

மறுநாள் பெரிய அறையில் நம் இருவரையும் நிறுத்தி, யார் இப்படிப் பேக் பண்ணச் சொன்னது என்று கேட்டார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ சொன்னாய்: "எனக்குத் தெரிஞ்சது இதான் சார். நானே தான் பண்ணேன்." உன்னை இரண்டு வாரம் ஸ்கிராப் யார்டுக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் நான் அழப்போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். "உடுடி, வெயில்ல நின்னா எலும்புக்கு நல்லதாம், டிவில சொன்னான்" என்றாய். அன்றைக்கும் என் தோளில்தான் தூங்கினாய். சீட்டைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மேடம் திரும்பி வரவே இல்லை. அந்த மேனேஜருக்கே சீக்கிரம் மாற்றல் வந்துவிட்டது. மட்டைகள் இடது கைக்காரர்களுக்கானவை, அங்கே அப்படி யாராவது இருந்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று மேடம் சொல்லி அனுப்பினாராம். மேனேஜர் அதைக் கேன்டீனில் வந்து சொன்னபோது நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினாய். "தோ கீறா சார், பீச்சாங்கை!"

அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் நான். கடையில் இடது கையால் காசு நீட்டினால் வாங்க மாட்டார்கள். அம்மா இன்றைக்கும் என் கையைத் தட்டிவிடுகிறாள். நீ சொன்னபோது மட்டும் அது ஏதோ பட்டம் மாதிரி கேட்டது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் சோப்பை வாங்கி, ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பத்துக் கைப்பிடியிலும் எண்ணெயை எடுத்தாய். பிறகு, கேன்டீனுக்குப் பின்னால் அந்த மேனேஜர் தனக்காகக் கட்டியிருந்த வலைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாய்.

நான்கு பந்தைத் தவறவிட்டேன். ஐந்தாவது வலையின் நடுவில் போய் அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. நீ போட்ட சத்தம் அதைவிடப் பெரியது. "பீச்சாங்கைன்னு இவள திட்னவங்கல்லாம் வாங்க, வந்து பாத்துக்கினு போங்க!" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்தார்கள். நான் வலைக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். கம்பம் என் கை அகலம்கூட இல்லை.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரி, பிறகு சென்னை, ஐந்தாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி இன்றைக்கு எழுதப்போவதில்லை. இன்றைக்குச் சொல்ல நல்ல விஷயம் நிறைய இருக்கிறது.

என் பெயர் போட்டிக்குப் போனதும் முதல் கேள்வி பெட்டிதான். இப்போதைய மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், கோல்ஃப் ஆடுகிறவர். "என் பெட்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார். கெட்டியான பிளாஸ்டிக், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மூன்று தாழ்ப்பாள். பார்த்தால் பாங்க் லாக்கர் மாதிரி நம்பிக்கையாக இருந்தது. ஆனால் பெட்டி மட்டுமே ஆறு கிலோ. எங்கள் டிக்கெட்டில் பதினைந்து கிலோதான் கொண்டுபோகலாம். மட்டை, பை, ஷூ எல்லாம் சேர்ந்தால் தாண்டிவிடும். நாற்பத்திரண்டு கிலோ பார்த்தவள் நான், இனி எடை விஷயத்தில் ஏமாற மாட்டேன்.

இன்னொரு வகை துணிப்பெட்டி. தடித்த நைலான், உள்ளே பஞ்சு, கீழே இரண்டு சக்கரம், வேலை முடிந்தால் மடித்துவிடலாம். எடை பாதிதான். ஆனால் துணி துணிதானே? நான்கு நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க போனில் படித்தேன். கெட்டிப்பெட்டிதான் நல்லது என்று ஒருவர், துணியே போதும் என்று இன்னொருவர். மேலே தலைப்பக்கம் எவ்வளவு பஞ்சு இருக்கிறது என்று பார், சக்கரம் திருகாணியில் நிற்கிறதா என்று பார், உள்ளே கட்டிவைக்க வார் இருக்கிறதா என்று பார். படிக்கப் படிக்கக் குழப்பம். கடைசியில், பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்ற நிபந்தனையில் ஒரு துணிப்பெட்டியை வரவழைத்தேன். அதற்குத் துணையாக ஓர் அலுமினியக் கம்பியும் வந்தது. ஊன்றுகோல் மாதிரி நீட்டிக் குறைக்கலாம். மேலே ரப்பர் குமிழ். அது எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

பேக்கிங் செக்‌ஷனில் ஒரு புது சாமான் வந்தால் நீ கேட்கும் கேள்வி ஞாபகம் வந்தது. "இது கீழ உழுந்தா எது மொதல்ல அடி வாங்கும்?" மண்டையனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டேன். பெட்டி தலைகீழாக விழுந்தால், எல்லா மட்டையும் மேல் பக்கம் சரியும். இருப்பதிலேயே நீளமானவன் முதலில் போய் மோதுவான். மொத்தக் கனமும் அவன் கழுத்தில். மேடத்தின் மட்டைகள் பழையவை, தலையைத் தனியாகக் கழற்ற முடியாது. அப்படியானால் மண்டையனைவிட உயரமாக ஒருவன் உள்ளே நிற்க வேண்டும். அவன்தான் அந்தக் கம்பி! ஆபீசில் தனியாக உட்கார்ந்து "ஆ" என்று கத்தினேன். ரிசப்ஷன் அக்கா ஓடிவந்து பல்லியா என்று கேட்டாள்.

நினைப்பது வேறு, போட்டுப் பார்ப்பது வேறு. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு டிஸ்பேட்சுக்குப் போனேன். ஏழுமலை அண்ணன் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மறுபடியும் மரப்பொட்டி அடிக்கணுமா? சொல்லு, இந்த வாட்டி அம்பது கிலோல அடிச்சித் தரேன்."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். "எக்ஸ்போர்ட் பொண்ணு" என்று உனக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயரை ஒருவர் எடுத்தார். பாவம், நல்லா பண்ணுவா, அன்னிக்கு மட்டும் புத்தி போச்சு என்றார் இன்னொருவர். எனக்குக் காது சூடானது. எப்படி வாய் திறந்தேன் என்று தெரியவில்லை.

"புத்தி போனது அவளுக்கில்ல. சீட்டுல எக்ஸ்போர்ட் பேக்கிங்னு எழுதினது நான். அவ எனக்காகத் திட்டு வாங்கிக்கினா."

சிரிப்பு நின்றது. ஏழுமலை அண்ணன் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தெரியும்மா. அந்தச் சீட்டு எங்கையில தானே வந்துச்சு. அவதான் யார்கிட்டயும் சொல்லாத அண்ணா, அது புதுசா வேலைக்கி வந்த பொண்ணு, பயந்துடும்னா. கிழிச்சிப் போட்டேன்."

நீ இதை எனக்குச் சொல்லவே இல்லை. என்னை அப்படிப் பார்த்துக்கொண்டதையே எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாய். அன்றைக்கு டிஸ்பேட்சில் நின்று, இத்தனை நாள் கழித்து, உன்மேல் எனக்குக் கோபமே வந்தது. நல்ல கோபம். அடுத்த பத்து நிமிஷத்துக்கு நான் யாருக்கும் கூச்சப்படவில்லை.

"சரி, இப்ப பொட்டிங்கள கீழ போடணும். பத்து வாட்டி" என்றேன்.

"அதான் சொல்லிக் குடுத்துக்கீறாளே உனுக்கு" என்று அண்ணன் எழுந்தார். ஒரு மூலை, மூன்று ஓரம், ஆறு பக்கம், இடுப்பு உயரத்திலிருந்து. புதுப் பெட்டி வந்தால் நீங்கள் செய்யும் சோதனை. நிஜ மட்டைகளை வைத்துப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணன் கேன்டீனுக்குப் போய் நூக்கல் கொண்டுவந்தார். மூங்கில் குச்சி முனையில் ஒவ்வொரு நூக்கலாகக் குத்தினார். மண்டையனுக்குப் பெரிய நூக்கல், மற்றவர்களுக்குச் சின்னது. பார்ப்பதற்கு உண்மையிலேயே கோல்ஃப் மட்டை மாதிரிதான் இருந்தது. கேன்டீன் மாஸ்டர் பின்னாலேயே வந்தார். "நாளிக்கி சாம்பார்ல போட வச்சிருந்தேன்யா" என்று அவர் புலம்பல் வேறு.

முதலில் கெட்டிப்பெட்டி. மேனேஜரே வந்து நின்றார். "போடுங்க, நானும் தெரிஞ்சுக்கணும்" என்றார். ஏழாவது தடவை ஒரு தாழ்ப்பாள் தெறித்து அவர் காலடியில் போய் விழுந்தது. திறந்தால் குச்சியெல்லாம் முழுசாக இருந்தது. நூக்கல்கள் மட்டும் ஒன்றோடொன்று மோதி முகமெல்லாம் காயம். உள்ளே இறுக்கிக் கட்டாமல் கெட்டிப்பெட்டியை மட்டும் நம்பக் கூடாது என்று புரிந்தது. மேனேஜர் தாழ்ப்பாளைப் பொறுக்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இத்தனை நாள் இதுலதான் கொண்டுபோனேனா" என்றார்.

அடுத்தது துணிப்பெட்டி. முதல் அடி விழுந்தால் பிறகு அதைத் திருப்பி அனுப்ப முடியாது, அது என்னுடையதுதான். கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். "போடும்மா, ஒலகம் அழிஞ்சிடாது" என்றார் அண்ணன். போட்டேன். கம்பி இல்லாமல் போட்டபோது, தலைகீழாக விழுந்த முதல் தடவையே பெரிய நூக்கலின் கழுத்து முறிந்தது. வேறு குச்சி வைத்தோம். கம்பியை அந்த நூக்கலைவிட மூன்று விரற்கடை உயரமாக நிறுத்தி, எல்லாக் குச்சியையும் அதோடு சேர்த்துக் கட்டி, பத்துத் தடவை போட்டோம். திறந்தபோது டிஸ்பேட்சே குனிந்து பார்த்தது. ஒரு நூக்கலுக்கும் கீறல் இல்லை. யாரோ விசில் அடித்தார்கள். மறுநாள் சாம்பார் நன்றாக இருந்தது.

பக்கவாட்டில் கனமான சாமான் ஏறினால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் மிச்சம். அதற்கு ஏழுமலை அண்ணன் கேட் பாஸ் போட்டுக் கொடுத்த நுரைப்பஞ்சுத் துண்டுகளை நேற்று சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து வெட்டினேன். தலைக்கு ஒரு சாக்ஸ், கழுத்துக்கு ஒரு பஞ்சு வளையம், நடுவில் என் சுடிதார்கள். அம்மா சுற்றிச் சுற்றி வந்தாள். எதிர்வீட்டு அத்தை பெட்டியைப் பார்த்துவிட்டு, "வீணை கத்துக்கிறாளா? சொல்லவே இல்ல" என்றாள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமாம்மா, கச்சேரிக்கு வெளியூர் போவுது" என்று சொல்லிவிட்டாள். கோல்ஃப் என்று விளக்குவதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்தது. உள்ளே வந்ததும் என்னிடம் கேட்டாள்: "பீச்சாங்கையால தான் ஆடுவியா, அத்தினி பேரு எதிர்க்க?" ஆமாம் என்றேன். "சரி, நல்லா ஆடு" என்றாள்.

இங்கே விமான நிலையத்தில், நீளமான சாமான்களுக்கு என்று தனி கவுண்டர். மொத்தம் பதின்மூன்றரைக் கிலோ. அங்கிருந்த பெண் கேட்டாள்.

"கிரிக்கெட்டா?"

"கோல்ஃப்."

"யாரோடது?"

"என்னுது."

என் ரப்பர் செருப்பு வரைக்கும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆடுவீங்களா?" "நாளைக்கு ஆடுறேன்" என்றேன். உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு சீட்டு நீட்டினாள். முழுதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தூக்க வந்தவர் பெட்டியை அலாக்காக எடுத்துத் தலைகீழாக நிறுத்தினார். "அண்ணா, படுக்க வச்சிடுங்க" என்று என் வாயிலிருந்து வந்தது, சத்தமாகவே. படுக்க வைத்தார். ரப்பர் திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கூப்பிடுகிறார்கள். எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். நான் விமானம் ஏறுகிறேன்டி!

இது புனே. ஓட்டல் அறை. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

இங்கே விமான நிலையத்தில் எல்லாருடைய பைகளும் வந்து முடிந்து, பட்டை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்களும் "வரும் வரும்" என்றார்கள். கடைசியில் ஓர் ஓரக் கதவு வழியாக ஒருவர் இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் இல்லை. மேல் பக்கத்தில் தரையில் தேய்த்த வெள்ளைத் தடம். தலைக்கு நேராக ஒரு நசுங்கல். ஓட்டல் வரை பொறுக்க முடியாமல் அங்கேயே, நடக்கிற கால்களுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தேன்.

கம்பி லேசாக வளைந்திருந்தது. ரப்பர் குமிழ் பிளந்திருந்தது. ஒவ்வொரு சாக்ஸாக உருவினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மண்டையனை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன். நேர். பத்தும் நேர். விமான நிலையத்துத் தரையில் உட்கார்ந்து, மண்டையனை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தேன். கூட வந்த மூவரில் ஒருவர் போட்டோ எடுத்துவிட்டார். எடுக்கட்டும் என்று இருந்தேன்.

ஓட்டல் வரவேற்பறையில் மற்ற ஊர்க்காரர்களும் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். குஜராத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஓர் இளைஞர் தன்னுடைய நீள மட்டையை இரண்டு துண்டாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கம்பி இல்லாத துணிப்பெட்டி. அவர் வலது கைக்காரர், நாளைக்கு வாடகைக்குக் கிடைத்துவிடும்; ஆனாலும் அது அவருடைய மட்டை. என் பெட்டியைப் பார்த்தார், பஞ்சு வளையங்களைத் தொட்டுப் பார்த்தார். யார் பேக் பண்ணியது என்று இங்கிலீஷில் கேட்டார். நான் என்றேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்றார். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் என்று சொல்லி, உன் பெயரைச் சொன்னேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.

திரும்பிப் போகும்போது தன்னுடையதையும் கட்டித்தர முடியுமா என்றார். அவர் கேட்டதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னுடையதோடு சேர்த்து ஐந்து பெட்டி. பஞ்சு என்னிடம் மிச்சமில்லை.

நாளைக்கு ஏழு மணிக்கு முதல் பந்து. எத்தனை அடியில் முடிப்பேன், கடைசியாக வருவேனா, தெரியாது. பந்து போகட்டும், எங்கே போகிறதோ. கை துறுதுறு என்றிருக்கிறது.

இதை எழுத உட்காரும் முன்னால் கீழே போய், பஞ்சுக்குப் பதிலாகச் சுற்ற பழைய குளியல் துண்டு இருபது வேண்டும் என்று ரிசப்ஷனில் கேட்டேன். எதற்கு என்று அந்த ஆள் கேட்டார். பாதி இங்கிலீஷிலும் பாதி கை ஜாடையிலுமாகக் கால் மணி நேரம் சொன்னேன்.